புதுப்பிப்பு: என் நாய் மணிக்குச் சொன்ன 18,000 ரூபாய் சிகிச்சை

சோர்ந்து கிடந்த என் நாய் மணிக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பல் சுத்தம், தனி உணவு என்று ஒரு தனியார் மருத்துவமனை 18,000 ரூபாய் கேட்டதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பதிலில் நீங்கள் சொன்னபடி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை எழுதித் தரச் சொன்னேன். "இன்றே செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்றும் கேட்டேன். ரத்தப் பரிசோதனையைத் தவிர எதற்கும் நேரான பதில் இல்லை.

மறுநாள் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். நீண்ட வரிசைதான். ரத்தத்தைப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. 28 நாட்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து, உணவோடு.

அந்த ரத்தப் பரிசோதனை அவசியமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலில் துவண்ட நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்யலாம் என்று அந்தத் தனியார் மருத்துவமனையில் சொன்னார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நேற்று மாலை மணி தன் தட்டைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.