ஆர்த்துவாவின் மூன்றாம் ரொபேர்: பேரனுக்கு முதுசம் ஏன் கிடைக்கவில்லை?

வெள்ளவத்தை வாசகி:
இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போரின் தொடக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் மூன்றாம் ரொபேர் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் பெயர் குறுக்கிடுகிறது. 1302இல் கோர்த்ரேப் போர்க்களத்தில் மடிந்த இரண்டாம் ரொபேருக்கு இவர் மகன்வழிப் பேரன். தந்தை பிலிப் 1298இலேயே இறந்துவிட்டார். அப்படியிருக்க, வட பிரான்சிலுள்ள ஆர்த்துவாச் சீமை தந்தையின் சகோதரி மாஓவுக்குப் போனது எந்த நியாயத்தில்?

புதுக்கடைச் சட்டத்தரணி:
மகன் தந்தைக்கு முன் இறந்தால், அவனுடைய பங்கை அவனுடைய பிள்ளைகள் பெறுவர் என்பது இங்கு இலங்கையின் பொதுச்சட்டத்தில் நமக்குப் பழகிய விதி. ஆர்த்துவாவின் வழமையில் அந்த விதி இருக்கவில்லை. உயிரோடிருக்கும் பிள்ளை, அது மகளாயினும், இறந்த மகனின் பிள்ளையை முந்திக்கொள்ளும். ஆகவே 1309இல் பிரான்சின் நான்காம் பிலிப் மன்னர் மாஓவுக்குச் சார்பாகத் தீர்த்தது வழமைப்படி சரியே.

வரலாற்று ஆசிரியர், பம்பலப்பிட்டி:
வழமைப்படி சரி என்பதை ஏற்கிறேன். ஆனால் தீர்ப்பளித்த மன்னரின் இரண்டாம் மகன் மாஓவின் மகளை மணந்திருந்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அம்மகனே 1316இல் ஐந்தாம் பிலிப் என்ற பெயரில் மன்னனானான். 1317இல் பிரான்சின் அரியணைக்குப் பெண் உரித்தாளியாக முடியாது என்று சபை அறிவித்தது. ஆனால் மறுஆண்டே அவனுடைய மாமியார் மாஓவிடம் ஆர்த்துவா மீண்டும் உறுதிப்படுத்தப்பட்டது. ரொபேரின் நெஞ்சு கொதித்ததில் எனக்கு வியப்பில்லை.

சட்டத்தரணி மீண்டும்:
கொதிப்பு நியாயமாக இருக்கலாம், ஆனால் அதன்பின் அவர் எடுத்த வழியே அவரை அழித்தது. 1328இல் மைத்துனர் ஆறாம் பிலிப் மன்னரானதும் ரொபேர் பழைய வழக்கை மீண்டும் கிளப்பினார். பாட்டனார் சீமையை ரொபேரின் தந்தைவழிக்கே எழுதிவைத்ததாகக் காட்டும் கள்ள உறுதிகள் அவருக்காகத் தயாராயின. அவற்றைத் தயாரித்த ழான் தெ தீவியோன் 1331இல் எரித்துக் கொல்லப்பட்டாள். 1332இல் ரொபேர் நாடுகடத்தப்பட்டு, சொத்துகளும் பறிமுதலாயின. காணி வழக்குகளில் நாள்தோறும் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மெய்யான குறை உள்ளவன் பொய் உறுதியைக் கையிலெடுத்தால் அந்தக் குறையைக் கேட்கவும் ஆளிருக்காது.

வெள்ளவத்தை வாசகி:
மிக்க நன்றி. அப்படியானால் 1337இல் ஆறாம் பிலிப், இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட்டிடமிருந்து தென்மேற்குப் பிரான்சிலுள்ள கியேன் பகுதியைப் பறித்தபோது சொன்ன குற்றச்சாட்டுகளுள் ரொபேருக்கு அடைக்கலம் தந்ததும் ஒன்றாக இருந்தது ஏன் என்று இப்போது விளங்குகிறது. 1342இல் பிரான்சின் வான் என்னும் நகரில் பட்ட காயத்தால் இறந்தபோதும் அவர் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். ஆர்த்துவாவோ அவர் கைக்கு வரவேயில்லை.