தமிழ் எழுத்துகளில் நிறம் காண்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

குழுவினருக்கு வணக்கம். கறுப்பு மையில் அச்சிட்ட 'க' தனக்குக் காவி நிறமாகவும் 'ம' இளநீலமாகவும் தெரிவதாக என் பத்து வயது மகள் வெகுநாளாகச் சொல்லி வருகிறாள். விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். ஒரு புலனுணர்வு எழும்போது தொடர்பற்ற வேறொன்றும் தானாக எழும் சினெஸ்தீசியா என்னும் புலன் இணைவைப் பற்றிப் படித்த பிறகுதான், சென்னையில் மருத்துவம் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் ஆய்வாளர் எட்வர்ட் ஹப்பார்டும், 5 என்ற எண்களுக்கிடையே 2-களால் அமைந்த வடிவத்தை, எண்களில் நிறம் காண்போர் மற்றவர்களைவிட எளிதில் கண்டுகொள்வதை 2001-இல் காட்டியிருப்பதை அறிந்தேன்.

ஒரே எழுத்துக்கு ஒரே நிறம் நீடிக்கிறதா என்பதே முதன்மையான சோதனை என்பதால், பன்னிரண்டு உயிரெழுத்துகளுக்கும் வண்ணப் பென்சிலால் நிறம் தீட்டச் சொல்லித் தாளை எடுத்து வைத்தேன். நான்கு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி மீண்டும் கேட்டபோது பதினொன்று மாறவில்லை. 'ஔ' மட்டும் அவளைத் தடுமாற வைத்தது (அது யாரைத்தான் தடுமாற வைக்கவில்லை!).

சிக்கல் உயிர்மெய்யில்தான். 'கி' முழுவதும் காவி என்கிறாள். 'கொ'வில் நடுவிலுள்ள 'க' மட்டுமே காவி, இருபுறக் குறிகளுக்கும் நிறமில்லை என்கிறாள். ஆங்கில எழுத்துகளுக்கென அமைந்த இணையத் தேர்வுகள் இதற்கு உதவவில்லை.

தமிழ் எழுத்துகளில் இவ்வாறு நிறம் காணும் பெரியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். இதை முறையாகச் சோதிக்கும் உளவியல் துறை அல்லது நரம்பியல் ஆய்வாளர் எவரையேனும் அறிந்தவர்களும் தெரிவிக்கவும். முற்பிறவி, ஞானக்கண் போன்ற விளக்கங்களை உறவினர்கள் ஏற்கெனவே போதுமான அளவு தந்துவிட்டார்கள்.