இசட்4 வாங்கப் போகிறேன்: 2.5 போதுமா, 3.0 வேண்டுமா?

உம்கேனி_ஓரம்
எல்லாருக்கும் வணக்கம். முதல் தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4, அதாவது ஈ85, வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த என்ஜின் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பார்த்து வைத்திருப்பது இரண்டு வண்டிகள். இரண்டும் 2004, இரண்டும் மேனுவல். ஒன்று 2.5 லிட்டர், ஐந்து கியர், 118,000 கி.மீ., சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது. மற்றது 3.0, ஆறு கியர், 164,000 கி.மீ., நடுவில் மூன்று வருஷத்துக்கு ஒரு காகிதமும் இல்லை. விலை ஏறக்குறைய ஒன்றே. தினசரி ஓட்டம் கிடையாது. வாரக் கடைசியில் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து பழைய மெயின் ரோடு வழியாக போத்தாஸ் ஹில், பீட்டர்மாரிட்ஸ்பர்க். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்3 நெடுஞ்சாலை பிடித்து ஜோஹனஸ்பர்க் பக்கம் லெனேசியா வரை. எதை எடுக்கலாம்?

சிவப்புக்கோடு
2.5 எடுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம்.

இரண்டும் எம்54 என்ற ஆறு சிலிண்டர் என்ஜின் குடும்பம். அதே அலுமினிய பிளாக், அதே 84 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்). மாறுவது ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மட்டும்: 2.5-இல் 75 மி.மீ., 3.0-இல் 89.6 மி.மீ. குணத்தை மாற்றுவது அந்த 14.6 மி.மீ.தான். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 2.5-இன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 16 மீட்டர் போகிறது, 3.0-இல் 19 மீட்டருக்கு மேல். குட்டை ஸ்ட்ரோக் என்ஜின் மேலே போகப் போக இளகும், சத்தமும் சீராக இருக்கும். 192 குதிரையும் 6,000 சுற்றில்தான் வருகிறது, அதைத் தேடிப் போவதில்தான் ரோட்ஸ்டரின் சுகமே.

போத்தாஸ் ஹில் பாதையை யோசியுங்கள். வளைவுக்கு வளைவு 60, 80 என்று வேகம் மாறிக்கொண்டே இருக்கும். 2.5-இல் இரண்டாவது கியரைக் கடைசி வரை இழுத்து மூன்றாவது போடலாம். 3.0-இல் அதே இடத்தில் பாதி மிதிப்பதற்குள் காலை எடுக்க வேண்டியிருக்கும். முழுசாகப் பயன்படுத்த முடியாத என்ஜினுக்கு எதற்குப் பணம்?

முந்நூறு_நியூட்டன்
அண்ணா சொல்கிற இளக்கம் உண்மை. ஆனால் இழுவையை விட்டுவிட்டார்.

இரண்டு என்ஜினிலும் உச்ச டார்க் 3,500 சுற்றில். 2.5-க்கு 245 நியூட்டன் மீட்டர், 3.0-க்கு 300. போத்தாஸ் ஹில் ஏற்றத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது ஊசி 3,000 பக்கம்தான் நிற்கும். அங்கே 3.0 அப்படியே எடுத்துக்கொண்டு போகும், 2.5-க்குக் கியர் குறைக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகம்: கம்பெனி கணக்கில் 2.5-க்கு 7.0 விநாடி, 3.0-க்கு 5.9.

பெட்ரோல் பயமும் வேண்டாம். நிதானமாக ஓட்டினால் இரண்டும் 100 கி.மீ.க்கு 9 லிட்டரைச் சுற்றித்தான். பெரிய என்ஜினில் ஆறாவது கியர் இருக்கிறது, 120-இல் அலறாமல் போகும்.

யாரும் பேசாத இன்னொன்று பிரேக். 3.0-இல் முன் டிஸ்க் 325 மி.மீ., 2.5-இல் 286. ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கி பைன்டவுனுக்கு வருகிறவர்களுக்கு அந்த 39 மி.மீ. என்னவென்று தெரியும். ஒரு முறை சூடேறி மிதி மெத்தென்று ஆன டிஸ்க் கீழே ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கும்போது வண்டியை உலுக்கும்.

சிவப்புக்கோடு
பிரேக்குக்காக என்ஜினை வாங்கக் கூடாது. 286 டிஸ்க்குக்கு நல்ல பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்று. போதும். இறக்கத்தில் மூன்றாவது கியரில் என்ஜினைப் பிடித்து இறங்கினால் எந்த டிஸ்க்கும் கொதிக்காது. தவிர, 325 டிஸ்க்குக்கு 17 அங்குல வீல் கட்டாயம், 2.5-இல் 16 போதும். நம் ஊர்க் குழிகளில் காற்று போனாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர் மாட்டிய பெரிய வீல் உள்பக்கம் வெடிப்பு விடுவது வழக்கம். ஸ்டெப்னி கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஹைவெல்ட்_காற்று
ஜோபர்க்கிலிருந்து ஒரு கணக்கு. இதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.

ஜோஹனஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இந்த இரண்டு என்ஜினும் டர்போ இல்லாமல் தானாகக் காற்றை இழுப்பவை. காற்று மெலிந்தால் சிலிண்டருக்குள் போகிற ஆக்சிஜன் குறையும், சக்தியும் அதே அளவு குறையும். இங்கே அது 17, 18 சதவீதம். 3.0-இன் 231 குதிரை இங்கே 190 பக்கம் வரும். 300 நியூட்டன் மீட்டர் 246 ஆகும்.

இப்போது மறுபடி பாருங்கள். டர்பனில் 2.5 கொடுப்பது 192 குதிரை, 245 நியூட்டன் மீட்டர். அதாவது லெனேசியாவில் ஓடும் 3.0, டர்பன் கடற்கரையில் ஓடும் 2.5-ஆகவே மாறிவிடுகிறது. அப்படியானால் லெனேசியாவில் 2.5? 157 குதிரை, 200 நியூட்டன் மீட்டர். டர்பனில் 2.2 எம்54 கொடுக்கிற 170-க்கும் கீழே.

ஆகவே "எந்த என்ஜின்" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த உயரத்தில்" என்று கேட்க வேண்டும். ஹைவெல்டில், அதாவது இந்த உயர்ந்த பீடபூமியில், குடியிருப்பவர் என்றால் 3.0-க்குக் கீழே பார்க்கவே மாட்டேன். நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள்.

பெட்ரோலும் இதை ஒட்டியதுதான். இங்கே பம்பில் 93 ஆக்டேன் போட்டாலும் நாக் (பெட்ரோல் தானாகப் பற்றித் தட்டுவது) வராது, காரணம் மெல்லிய காற்றில் சிலிண்டர் அழுத்தமே குறைவு. அதே 93-ஐ டேங்கில் வைத்துக்கொண்டு மலை இறங்கி டர்பன் வெயிலில் அழுத்தினால் நாக் சென்சார் இக்னிஷனைப் பின்வாங்கும். 2.5-இன் கம்ப்ரஷன் 10.5, 3.0-க்கு 10.2. இதைச் சின்னதுதான் முதலில் உணரும். இறங்கும் முன் 95 போட்டுக்கொள்ளுங்கள்.

முந்நூறு_நியூட்டன்
நன்றி. நான் சொல்ல வந்ததும் இதுதான். வான் ரீனன் கணவாய் ஏறும்போதே 1,600 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. லாரி வரிசை 40-இல் ஊர்ந்துகொண்டிருக்கும், பக்கத்து லேனில் இடைவெளி கிடைத்ததும் எகிறிப் போக வேண்டும். அங்கே 200 நியூட்டன் மீட்டருக்கும் 246-க்கும் உள்ள வித்தியாசம் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

சிவப்புக்கோடு
வருஷத்தில் ஆறு தடவை ஏறும் கணவாய்க்காக மற்ற நாள் எல்லாம் பெரிய என்ஜினைச் சுமக்கச் சொல்கிறீர்கள். சமதளத்தில் 120-இல் இந்த வண்டியை வைத்திருக்க 30 குதிரைகூடத் தேவைப்படாது. மெல்லிய காற்று என்ஜினைத் திணறடிப்பது உண்மை, அதே காற்று வண்டியை எதிர்த்துத் தள்ளுவதையும் குறைக்கிறது. ஏற்றத்தில் மூன்றாவது கியர், 5,000 சுற்று. 157 குதிரை ஒரு சின்ன இரண்டு சீட் வண்டிக்குக் குறைவா?

டோங்காட்_ஸ்பேனர்
நீங்கள் எல்லாரும் புது வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள். இது இருபது வருஷ வண்டி. 231 குதிரை என்று புத்தகத்தில் இருந்தது, விற்பவர் வாசலில் நிற்பது எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

தம்பி, எம்54-இல் உயிரை எடுப்பது கூலிங். கூலன்ட் எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக், தையல் ஓரத்தில் வெடிக்கும். தெர்மோஸ்டாட் வீடும் பிளாஸ்டிக். ரேடியேட்டரின் மேல் ஓஸ் சேரும் கழுத்து சூட்டில் பொரிந்து, கையால் அசைத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். இது 100,000 கி.மீ. பக்கம் மொத்தமாக மாற்ற வேண்டிய செட்: டேங்க், மூடி, மேல் கீழ் ஓஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், இரண்டு பெல்ட்டு, அவற்றின் டென்ஷனர். ஒன்றை மட்டும் மாற்றினால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிளாக் அலுமினியம். ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் ஹெட் போல்ட்டு பிடித்திருக்கும் மரை இளகிவிடும். பிறகு ஹெட் கேஸ்கெட் மாற்றி போல்ட்டை முறுக்கும்போது மரை உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு ஓட்டையிலும் புது மரை இன்சர்ட் போட வேண்டும், அதுவும் ஹெட்டைச் சமன் செய்த பிறகு. டெம்பரேச்சர் ஊசியை நம்பவும் முடியாது. வெகுதூரம் நடுவிலேயே நின்றுவிட்டு, அசையும்போது விஷயம் கைமீறியிருக்கும்.

இப்போது காகிதம் இல்லாத அந்த மூன்று வருஷத்தை யோசி. அந்த 3.0 எத்தனை தடவை கொதித்தது என்று யார் சொல்வது?

உம்கேனி_ஓரம்
அண்ணா, இது எனக்குப் புதுசு. விற்பவர் வீட்டு வாசலில் வைத்தே எதையெதைச் சோதிக்க முடியும்? பிரித்துப் பார்க்க விடுவாரா தெரியவில்லை.

டோங்காட்_ஸ்பேனர்
பிரிக்காமலே பாதி தெரியும்.

முதலில் கிராங்க்கேஸ் மூச்சு, அதாவது என்ஜின் அடிப்பெட்டியில் சேரும் வாயு வெளியேறும் வழி. என்ஜின் சூடேறி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. ஓட்டை மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்து வை. லேசாக உள்ளே குழிந்தால் சரி. மூடியே கழற்ற வராமல் உறிஞ்சிப் பிடித்தாலோ விசில் அடித்தாலோ உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பை மேலே உப்பினால் வழி அடைத்திருக்கிறது. மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் பிசுக்கு இருக்கிறதா பார். குட்டி குட்டி ஓட்டம் ஓடிய வண்டியில், நம் கடலோர ஈரத்தில், அது சகஜம். ஆனால் அதே பிசுக்கு டிப்ஸ்டிக் குழாயின் குறுகலான வழியையும் அடைக்கும். அடைத்தால் ஆயில் இன்டேக் பக்கம் போய் எரியும். ஆயில் கொள்ளளவு 6.5 லிட்டர். 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் ஊற்றுகிறேன் என்று விற்பவர் சொன்னால், முதலில் இதைச் சந்தேகி, பிறகு பிஸ்டன் ரிங்.

அடுத்து டிசா, காற்று உள்ளே போகும் பாதையை மாற்றும் வால்வு. இன்டேக் மேனிஃபோல்டின் பக்கவாட்டில் கறுப்புப் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே ஒரு கதவு திறந்து மூடும். ஐடிலில் அந்தப் பக்கம் காதை வை. கோலிக்குண்டு உருளும் சத்தம் கேட்டால் கதவின் அச்சு தேய்ந்துவிட்டது. அவர் அனுமதித்தால் டி40 டார்க்ஸ் திருகு இரண்டைக் கழற்றி வெளியே எடு. கதவு ஆடக் கூடாது. விரலால் கதவை மூடி, வேக்கம் ஓட்டையை இன்னொரு விரலால் அடைத்தால் கதவு அப்படியே நிற்க வேண்டும். இதை அலட்சியப்படுத்தாதே, அச்சின் ஊசி உடைந்தால் நேராக சிலிண்டருக்குள் போகும்.

ஆயில் ஃபில்டர் வீட்டின் அடியில் டார்ச் அடித்துப் பார். அங்கே கசிந்தால் சொட்டுவது பெல்ட்டு மேல். கேஸ்கெட் மலிவு, பெல்ட்டு கழன்றால் வரும் செலவு மலிவல்ல.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் 2,000 சுற்றிலிருந்து முழுசாக மிதி. 3,000 வரை சோம்பி, அப்புறம் திடீரென்று உயிர் வந்தால், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பின் சீல் இறுகிவிட்டது. அந்த நிலையில் இருக்கும் 3.0, நல்ல 2.5-க்குப் பின்னால்தான் நிற்கும்.

ஹைவெல்ட்_காற்று
உயரம் பற்றி அக்கறை இருந்தால் அடுத்த தலைமுறை ஈ89-இன் 20ஐ டர்போ என்று சிலர் சொல்வார்கள். டர்போ என்பதால் இங்கே அவ்வளவு சக்தி இழக்காது. ஆனால் அந்த என்20 என்ஜினின் முற்பகுதி வண்டிகளில் டைமிங் செயின் வழிகாட்டி பிளாஸ்டிக் உடைவது தெரிந்த வியாதி. அதற்கு இந்த ஆறு சிலிண்டரே மேல்.

முந்நூறு_நியூட்டன்
ஸ்பேனர் அண்ணா சொன்ன பிறகு அந்தக் குறிப்பிட்ட 3.0-க்காக வாதாட எனக்கு வாய் வரவில்லை. காகிதம் இல்லாத வண்டிக்கு 2.5-இன் விலை கேட்பது தப்பு. கூலிங் செட் முழுதும், டிசா, வானோஸ் சீல் இவற்றின் செலவைக் கழித்துக் கொடுத்தால் பார்க்கலாம். என்ஜின் பற்றி என் கருத்து மாறவில்லை. சர்வீஸ் புத்தகத்தோடு ஒரு 3.0 வரும்வரை காத்திருப்பேன்.

சிவப்புக்கோடு
காத்திருக்கும் அந்த ஆறு மாதத்தை 2.5-இல் ஓட்டியிருக்கலாம்.

தம்பி, 2.5-ஐயும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். 118,000-இல் கூலிங் செட் மாற்றிய பில் இருக்கிறதா என்று புத்தகத்தில் தேடுங்கள். இல்லையென்றால் அதே செலவு உங்களுக்கும் காத்திருக்கிறது. ஸ்டியரிங்கையும் வெயிலில் நிறுத்தி வைத்த பிறகு சோதியுங்கள். இந்த வண்டியில் எலெக்ட்ரிக் ஸ்டியரிங். நேர் சாலையில் 100-இல் போகும்போது சின்னதாகத் திருத்தினால் ஒட்டிக்கொண்டு, பிறகு டக்கென்று விடுகிறதா பாருங்கள். குளிர்ந்த காலையில் அது தெரியவே தெரியாது.

உம்கேனி_ஓரம்
சனிக்கிழமை காலை இரண்டையும் பார்க்கப் போகிறேன், 2.5 முதலில். கூரை பற்றி ஏதாவது?

டோங்காட்_ஸ்பேனர்
கூரையை மூன்று தடவை திறந்து மூடு. ஹைட்ராலிக் மோட்டார் துணி மடங்கும் குழியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் வடியும் வழியும் அங்கேதான். இலை குப்பை அடைத்தால் குழி தொட்டியாகி மோட்டார் மூழ்கும். முனகினாலோ பாதியில் நின்றாலோ அதுதான் காரணம். வாங்கிய முதல் நாளே புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் நூலை விட்டு வடிகாலைக் குத்து. கம்பி வேண்டாம், குழாய் கிழியும். மோட்டாரை டிக்கிக்கு மாற்றி வைப்பவர்களும் உண்டு, நல்ல வேலை.

ஸ்டியரிங்கை மத்தியானம் வெயிலில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொள். ஆனால் முதல் ஸ்டார்ட்டு என்ஜின் முழுசாகக் குளிர்ந்திருக்கும்போது இருக்க வேண்டும். நீ போய்ச் சேரும்வரை வண்டியை ஸ்டார்ட்டு செய்ய வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் வெள்ளிக்கிழமையே சொல்லி வை. போனதும் பேச்சுக்கு முன் மேல் ரேடியேட்டர் ஓஸைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டின் புகையும் சத்தமும் உனக்குக் காட்டப்படவில்லை. அன்றைக்குப் பணம் பேசாதே, வேறு நாள் போ.