டிரைவர் நாட் லோடட்: க்யூடிக்கு மைஎஸ்க்யூஎல் பிளக்இன் சேர்த்த அனுபவம்

க்யூடி மென்பொருள் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு இணைய மறுக்கும் இந்தச் சிக்கலில் இன்னும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நூல் குடோன் ஒன்றுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டும் என்பதால் க்யூடி 6.5 (பல இயங்குதளங்களுக்கும் சேர்த்து மென்பொருள் எழுத உதவும் கருவித்தொகுப்பு). முதலில் கணக்கை எஸ்க்யூலைட்டில்தான் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) வைத்திருந்தேன், நன்றாகவே ஓடியது. மூன்று கவுண்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் பில் போட வேண்டும் என்றார் முதலாளி. சரி என்று, சர்வரில் ஓடும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8-க்கு மாறினேன். டிரைவர் (க்யூடியை டேட்டாபேஸோடு இணைக்கும் பிளக்இன்) பெயரை மாற்றி, சர்வர் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து ரன் செய்தால் "டிரைவர் நாட் லோடட்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே இருக்கிற டிரைவர்களின் பட்டியல். எஸ்க்யூலைட் இருக்கிறது, ஓடிபிசி (பல டேட்டாபேஸ்களுக்கும் பொதுவான இணைப்பு முறை) இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் மட்டும் இல்லை.

அவசரத்தில் இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரி கோப்பு) ஒன்றை இறக்கி, பிளக்இன்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்க்யூஎல்டிரைவர்ஸில் போட்டேன். அதே பிழைதான் திரும்பவும் வந்தது. தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். எங்கிருந்தோ வந்த டிஎல்எல்லை வாடிக்கையாளர் கணக்கு ஓடுகிற இடத்தில் வைப்பதே தப்பு, அதோடு க்யூடி தன்னைவிடப் புதிய பதிப்பில் கட்டிய (கம்பைல் செய்த) பிளக்இன்னை உள்ளே விடவும் விடாது. நான் இறக்கியது 6.6-க்குக் கட்டியது. க்யூடியின் எடிட்டரான க்யூடி கிரியேட்டரில் ரன் என்விரான்மென்ட்டுக்குப் போய் க்யூடி_டீபக்_பிளக்இன்ஸ் என்பதை 1 ஆக்கிய பிறகுதான் இது தெரிந்தது. எந்த ஃபோல்டரில் தேடுகிறது, எந்தக் கோப்பை எடுக்கிறது, ஏன் தள்ளுகிறது என்று வரி வரியாகக் கொட்டும். இந்தச் சிக்கலில் மாட்டினால் முதலில் இதைப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து, நானே கட்டினேன். க்யூடியோடு வரும் மெயின்டனன்ஸ் டூலைத் திறந்து அதே பதிப்பின் ஸோர்ஸை டிக் செய்து இறக்கிக்கொண்டேன். முழு க்யூடியையும் கட்டத் தேவையில்லை, க்யூடிபேஸுக்குள் இருக்கும் எஸ்க்யூஎல்டிரைவர்ஸ் ஃபோல்டர் மட்டும் போதும். வெளியே ஒரு காலி ஃபோல்டர் திறந்து, அங்கிருந்து க்யூடி-சிமேக்கை (பில்டைத் தயார் செய்யும் கட்டளை) நிஞ்சாவோடு (பில்டை நடத்தும் கருவி) ஓட்டி, மைஎஸ்க்யூஎல்லின் இன்க்ளூட் பாதையையும் லைப்ரரி கோப்பையும் கொடுக்க வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயரில் இடைவெளி இருப்பதால் பாதையை மேற்கோள் குறிக்குள் போட மறக்கக்கூடாது. ஓடி முடிந்ததும் ஒரு சுருக்கப் பட்டியல் வரும், அதில் மைஎஸ்க்யூஎல் எதிரே "எஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். எனக்கு முதல் முறை "நோ". பாதையைத் திருத்தி மறுபடி ஓட்டினாலும் "நோ"தான், ஏனென்றால் பழைய பதில் கேஷில் அப்படியே கிடந்தது. ஃபோல்டரையே அழித்துவிட்டு ஓட்டினேன், "எஸ்" வந்தது. பில்டும் இன்ஸ்டாலும் சீக்கிரமே முடிந்துவிட்டன.

அப்படியும் லோட் ஆகவில்லை! இந்த முறை வந்த செய்தி "குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை". கோப்பு கண்ணுக்கு எதிரே இருக்கிறது, விண்டோஸ் இல்லை என்கிறது. அரை நாள் இதிலேயே போனது. காணவில்லை என்று அது சொன்னது பிளக்இன்னை அல்ல, பிளக்இன் கேட்கிற லிப்மைஎஸ்க்யூஎல் டிஎல்எல்லை. அது மைஎஸ்க்யூஎல்லின் லிப் ஃபோல்டரில் இருக்கிறது. அதுவோ என்கிரிப்ஷன் லைப்ரரிகளான லிப்எஸ்எஸ்எல்லையும் லிப்கிரிப்டோவையும் கேட்கிறது, அவை பின் ஃபோல்டரில். இரண்டு ஃபோல்டரையும் பாத்தில் (விண்டோஸ் தேடிப் பார்க்கும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேர்த்ததும் கனெக்ஷன் கிடைத்தது. அந்த நிமிடம் எழுந்து நின்றே கை தட்டினேன்.

குடோனில் இன்ஸ்டால் செய்த அன்று அதே பிழை மறுபடி. மென்பொருளோடு போக வேண்டிய க்யூடி கோப்புகளைத் திரட்டும் விண்டிப்ளாய்க்யூடி, பிளக்இன்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தது, வெளியார் டிஎல்எல்களை அது தொடாது. மூன்றையும் எக்ஸியின் பக்கத்தில் வைத்து, விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளையும் (மைக்ரோசாஃப்ட்டின் ரன்டைம் கோப்புகள்) போட்ட பிறகு மூன்று கவுண்டரிலும் பில் வந்தது.

— மறுமொழி —

அண்ணா, அந்த "மாட்யூலைக் காணவில்லை" விளக்கத்துக்கு ரொம்ப நன்றி, இரண்டு நாளாக நான் பிளக்இன்னையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன். உபுண்டுக்காரர்களுக்கு என் பங்குக்கு ஒன்று. ஏபிடியில் (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) க்யூடி6-க்கான மைஎஸ்க்யூஎல் பொதி தயாராகவே இருக்கிறது, ஒரே கட்டளையில் வந்துவிடும். ஆனால் அது ஏபிடியில் வந்த க்யூடிக்குத்தான். இன்ஸ்டாலர் வழியாக ஹோமில் போட்ட க்யூடி அந்த இடத்தை எட்டிப் பார்க்காது. எனக்கு ஒரு நாள் அதில் போயிற்று. எந்தக் கோப்பு குறைகிறது என்று பார்க்க பிளக்இன் மேல் எல்டிடி (ஒரு கோப்பு கேட்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டுங்கள், "நாட் ஃபவுண்ட்" என்று பெயரோடு சொல்லிவிடும்.

— மறுமொழி —

கட்டவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு: ஓடிபிசி டிரைவர் ஏற்கெனவே இருக்கிறதே, மைஎஸ்க்யூஎல்லின் ஓடிபிசி கனெக்டரைப் போட்டு அது வழியாகப் போகலாம். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கனெக்டர் இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்பதுதான் வேலை. இன்னொன்று, மென்பொருளை விற்பவராக இருந்தால் லைசென்ஸையும் பாருங்கள். மரியாடிபியின் (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) சி கனெக்டர் எல்ஜிபிஎல் 2.1-இல் (ஸோர்ஸைத் தராத மென்பொருளும் பயன்படுத்த இடம் தரும் லைசென்ஸ்) வருகிறது, அதை வைத்தும் இதே பிளக்இன்னைக் கட்டலாம்.

— மறுமொழி —

லைசென்ஸ் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அடுத்த வாரம் இரண்டாவது குடோனுக்குப் போடுவதற்கு முன் மரியாடிபி கனெக்டரை வைத்துக் கட்டிப் பார்த்துவிட்டு, எந்தெந்த டிஎல்எல் கூடவே போக வேண்டும் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.