மழைக்காலத்தில் துணி நாப்கின்: கடலூர், புதுச்சேரி பெற்றோர் உதவுங்கள்

வணக்கம். தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, கைக்குழந்தை இருக்கிறது. பகலில் துணி நாப்கின், இரவில் மட்டும் கடை டயப்பர்.

போர் தண்ணீர் ரொம்பக் கடினம். சோப்புக்கட்டி போட்டால் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் படிவமாக நூலில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு துணி ஈரத்தை உறிஞ்சாது, சிறுநீர் வாடையும் போகாது. அதனால் டிடர்ஜென்ட் தூளும் கொஞ்சம் வாஷிங் சோடாவும் போட்டு, நுரை அடங்கும்வரை அலசுகிறோம். துணியை மிருதுவாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம், அதுவும் படலமாகி உறிஞ்சுதலைக் கெடுக்கும். மலம் பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் கறையை இறுக்கிவிடும்.

இதெல்லாம் சமாளிக்க முடிகிறது. ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். பல மடிப்பாகத் தைத்த உள்பட்டை வெளியே காய்ந்தாலும் நடுவில் ஈரம் நின்று பூஞ்சை வாடை அடிக்கிறது. ஒற்றை அடுக்குத் துணியை விரித்தால் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். மடித்துக் கட்டினால் அதே கனம் கிடைக்கும்.

எனவே 27 அங்குலச் சதுரமாக வெட்ட, கஞ்சி போடாத, இளக்கமான நெசவுள்ள பருத்தித் துணி மீட்டர் கணக்கில் எங்கே கிடைக்கும்? 24 துண்டு வேண்டும். மஞ்சக்குப்பமோ புதுச்சேரியோ, எங்கேயானாலும் வருகிறோம். நீர்புகா மேலுறையில் தளர்ந்த எலாஸ்டிக்கை மாற்றித் தரும் தையற்காரர் யாராவது உண்டா? கடைசி அலசலுக்கு மாடி மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்துபவர்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், கொசு வராமல் எப்படி மூடுகிறீர்கள்?