கிரைண்டிங் பண்ணி போட்ட கிராங்க் ஷாஃப்ட் ஒரே சீசன்ல ஒடைஞ்சிருச்சு, ஹார்ட்னஸ் (இரும்போட கடினம்) சரியா இருக்குங்கறாங்க, அப்ப ஏன் ஒடையுது?

தட்டோன் மில்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல தட்டோன் பக்கம் சின்னதா நெல்லு மில்லு வெச்சிருக்கோம். சீனா டீசல் இன்ஜின், 1115 மாடல், 22 குதிரை, தோலாஜின்னு நம்ம ஊரு டீசல் வண்டில போடுறாங்களே அந்த படுக்கை இன்ஜின் குடும்பம்தான். போன வருஷம் கிராங்க் பின் (கனெக்டிங் ராடு மாட்டற எடம்) தேஞ்சு போச்சுன்னு ஒரு பட்டறையில கிரைண்டிங் பண்ணி 0.50 மில்லி அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். இந்த அறுவடைல நெல்லு மூட்டை மூட்டையா வந்து நிக்கிற நேரத்துல ஓடிக்கிட்டே இருக்கும்போது டமால்னு ஒடைஞ்சிருச்சு, பின்னும் பக்கத்து வெப்பும் (பின்ன தாங்கற பக்கத் தகடு) சேர்ற மூலையில.

மெக்கானிக் வாத்தியார் சொல்றாரு, இரும்பு அதிர்ந்து அதிர்ந்து உள்ள கல்கண்டு கணக்கா மாறிடுச்சு, மெட்டீரியல் செத்துப்போச்சுன்னு. யாங்கோன்ல தெரிஞ்சவங்க லேப்ல ஹார்ட்னஸ் பார்த்தா நம்பர் நல்லாத்தான் இருக்கு, இரும்புல குத்தம் இல்லைங்கறாங்க. யார் சொல்றத நம்புறது? ஒரு கிராங்க் தாங்குமா தாங்காதான்னு முன்னாடியே பார்க்க மெஷின் ஏதும் இருக்கா? வெல்டிங் வெச்சு ஓட்டலாம்னு ஒருத்தர் சொல்றாரு, அதுவும் சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, மில்லு நின்னு கெடக்கு.

இன்செயின் ஃபிட்டர்:
தம்பி, மொதல்ல ஒடைஞ்ச மொகத்த தொடச்சு வெளிச்சத்துல பாருங்க. தொட்டு தேய்க்காதீங்க, ரெண்டு துண்டையும் ஒண்ணோட ஒண்ணு பொருத்தியும் பார்க்காதீங்க, தடயம் போயிடும். ஒரு ஓரத்துலேர்ந்து மட்டி ஓட்டு மேல இருக்கற மாதிரி வளைவு வளைவா கோடு போயி வழவழன்னு இருக்கா, மீதி கொஞ்ச இடம் மட்டும் பொரபொரன்னு மின்னுதா? அப்படி இருந்தா அது ஃபெட்டீக். ஒரே நாள்ல ஒடையல, பல நாளா வெடிப்பு ஊர்ந்து ஊர்ந்து போயி கடைசில மிச்சமிருந்த கொஞ்ச இரும்பு தாங்காம விட்டிருக்கு.

அந்த கல்கண்டு கதை நூத்தம்பது வருஷத்துக்கு மேல பழசு, ரயில்வேல இருந்த பெரிய பெரிய ஆளுங்களே அத நம்பினாங்க. 1842ல ஃபிரான்ஸ்ல வெர்சாய் பக்கம் ஒரு இன்ஜின் அச்சு ஒடைஞ்சு ரயில் தீப்பிடிச்சு 50 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அப்ப கெளம்பின கேள்விதான் நீங்க கேக்கறதும். அடுத்த வருஷமே ரேங்கின்னு ஒரு சின்ன வயசு இன்ஜினியர் ஒடைஞ்ச அச்சுங்கள பார்த்துட்டு, வெடிப்பு மூலையிலதான் ஆரம்பிச்சு உள்ள போகுது, படியா வெட்டாம வளைவா விடுங்கன்னு எழுதினாரு. அப்புறம் கிளாஸ்கோல கிர்கால்டி, இவரு 1862ல போட்ட புத்தகத்துல, ஒரே இரும்ப மெதுவா இழுத்து அறுத்தா நார் நாரா தெரியும், சடார்னு ஒடைச்சா மணி மணியா தெரியும், இரும்பு மாறல ஒடையற விதம்தான் மாறுதுன்னு டெஸ்ட் பண்ணியே காட்டிட்டாரு. லண்டன்ல அவரு வெச்ச டெஸ்டிங் கட்டடத்து வாசல் மேல "உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல"ன்னு செதுக்கி வெச்சிருப்பாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச வரி அது, ஒவ்வொரு பட்டறையிலயும் எழுதி மாட்டணும்.

லேப்காரங்க சொன்னதும் பொய்யில்ல. ஆனா அவங்க பார்த்த மெஷின் வேற கேள்விக்கு பதில் சொல்ற மெஷின்.

யாங்கோன் லேப் பொண்ணு:
ஐயா சொன்னதுல அந்த கடைசி வரியத்தான் கொஞ்சம் விரிச்சு சொல்றேன். நான் மெட்டீரியல் டெஸ்டிங்லதான் வேலை பார்க்கறேன். ஹார்ட்னஸ் பார்க்கற ராக்வெல்லுங்கறது வைரக் கூம்ப 150 கிலோ எடையில அழுத்தி எவ்வளவு ஆழம் எறங்குதுன்னு பார்க்கறது, அமெரிக்காவுல பேரிங் ஃபாக்டரில வேலை செஞ்சவங்க பேரிங் வளையத்த சட்டுனு பார்க்கறதுக்காக கண்டுபிடிச்சது, 1919ல பேட்டன்ட் ஆச்சு. இழுவை மெஷின் ஒரு தடவை இழுத்து எத்தனை டன்னுல அறுதுன்னு சொல்லும். சார்பி சுத்தியல் ஒரே அடியில ஒடைக்க எவ்வளவு எனர்ஜி வேணும்னு சொல்லும். மூணுமே ஒரே ஒரு தடவை போடற சோதனை, உங்க இன்ஜின் ஒரு தடவையோட விடுதா?

கணக்கு போட்டு பாருங்க அண்ணே. சிலிண்டர் 115 மில்லி, பரப்பு 104 சதுர சென்டிமீட்டர் கிட்ட. உள்ள பிரஷர் உச்சத்துல ஒரு 70 பார்னு வெச்சுக்கிட்டா பிஸ்டன் தலைல 7 டன்னுக்கு மேல அடி. நிமிஷத்துக்கு 2200 சுத்து, ஃபோர் ஸ்ட்ரோக்குங்கறதால ரெண்டு சுத்துக்கு ஒரு அடி, அப்ப ஒரு மணி நேரத்துல 66 ஆயிரம் அடி, எட்டு மணி நேரம் ஓட்டினா அஞ்சு லட்சத்த தாண்டிடும். அந்த பின்னும் வெப்பும் எத்தனை தடவை வளைஞ்சு நிமிருதுன்னு யோசிங்க.

இத மொதல்ல மெஷின் கட்டி பார்த்தவரு வோலர், ஜெர்மன்காரர், பிரஷ்யா ரயில்வேல இருந்தாரு, 1850கள், 60கள்ல. சுத்திக்கிட்டே இருக்கற ஒரு ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் சோதனைத் துண்ட சொருகி, ஸ்பிரிங் போட்டு துண்டோட வெளி முனைய இழுத்துப் பிடிச்சிருவாரு. ஷாஃப்ட் சுத்தச் சுத்த துண்டோட மேல்பக்கம் இழுபடும், அர சுத்துல அதே பக்கம் கீழ வந்து நசுங்கும், ஒடையற வரைக்கும் இல்லன்னா லட்சக்கணக்கான சுத்து வரைக்கும் விட்டுட்டு எண்ணுவாரு. ரொம்ப சாதாரண ஏற்பாடுதான், ஆனா ரெண்டு பெரிய விஷயம் வெளிய வந்துச்சு. ஒரே இழுப்புல அறாத இரும்பு அத விட ரொம்ப கம்மி லோடுலயே திரும்பத் திரும்ப போட்டா ஒடையும். அதே சமயம் ஒரு அளவுக்குக் கீழ போயிட்டா ஸ்டீலு எத்தனை சுத்தானாலும் தாங்கும். இன்னிக்கு இன்ஜின் டிசைன் பண்றவங்க அந்த அளவுக்குக் கீழ நிக்கத்தான் பாடுபடறாங்க, மாதிரிக்கு ஒரு கிராங்க்க ஒரு கோடி தடவை வளைச்சுப் பார்த்துட்டுத்தான் அந்த டிசைன வெளிய விடுவாங்க. மூலைய வளைவா விட்டு உருளை போட்டு அழுத்தறதும் அதுக்குத்தான், அந்த எடத்து மேல்தோல் அமுங்கி இருந்தா வெடிப்பு தொடங்க கஷ்டப்படும்.

கிரைண்டிங்ல அந்த வளைவ எடுத்துட்டு கூரா விட்டா அந்த ஒரு எடத்துல மட்டும் அழுத்தம் ரெண்டு மூணு மடங்கு ஏறிடும். ஹார்ட்னஸ் நம்பர்ல இது தெரியவே தெரியாது.

மோல்மேன் படகுக்காரன்:
எல்லாம் சரிதான் ஆனா கிரைண்டிங் மேலயே மொத்த பழியும் போடாதீங்க. சால்வீன் ஆத்துல இதே இன்ஜின வெச்சுதான் படகு ஓட்டறோம், ஒடைஞ்ச கிராங்க் நெறைய பார்த்திருக்கேன். மில்லுக்காரங்க பெல்ட்ட வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டுவாங்க, ஃப்ளைவீல் பக்கம் முழுசும் ஒரே பக்கமா இழுபடும், அந்தப் பக்கம் ஷாஃப்ட தாங்கற மெயின் புஷ் தேஞ்சிருந்தா ஷாஃப்ட் ஒவ்வொரு சுத்துக்கும் வளையும். புது கிராங்க் போட்டு பழைய புஷ்ஷ அப்படியே விட்டீங்கன்னா அதுவும் ஒடையும், ரெண்டையும் பாருங்க. வெல்டிங் வேணவே வேணாம். வெச்ச எடத்துக்குப் பக்கத்துலயே சூட்டுல இரும்பு வெறைச்சுப்போயி மறுபடி அங்கயே வெடிக்கும், ஒடைஞ்சு கனெக்டிங் ராடு பிளாக்க ஓட்டை போட்டா இன்ஜினே காலி. நடு ஆத்துல ஒடைஞ்சா என்னாகும்னு எங்களுக்குத்தான் தெரியும்.

தட்டோன் மில்காரன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஐயா சொன்ன மாதிரியே இருக்கு, வளைவு கோடு முக்காவாசி எடத்துல ஓடுது, அது மூலையிலதான் தொடங்குது. ஒடையாத அடுத்த பக்க மூலைல நகத்த வெச்சு இழுத்தா டக்குனு தட்டி நிக்குது, வளைவே இல்ல. மெயின் புஷ்ஷும் ஃப்ளைவீல் பக்கம் ஆடுது. ஒரு செகண்ட் ஹேண்ட் கிராங்க் கெடைக்குது, பார்த்தா நல்லாத்தான் இருக்கு, உள்ள வெடிப்பு இருக்கான்னு இங்கயே எப்படி பார்க்கறது? லேப்புக்கு அனுப்ப நேரமில்ல.

இன்செயின் ஃபிட்டர்:
முன்னாடி ரயில்வேல அச்சுக்கு செஞ்சத செய்யுங்க. பெட்ரோல் போட்டு சுத்தமா கழுவி, மண்ணெண்ணெய்ல ஊற வெச்சு எடுத்து, எண்ணெய் பிசுக்கே இல்லாம நல்லா தொடச்சிருங்க. சாக்பீஸ் பொடிய ஸ்பிரிட்ல கரைச்சு மூலை ரெண்டுலயும் மெல்லிசா பூசி காய விடுங்க. காஞ்சதும் மரச் சுத்தியலால அந்த வெப் தகட்ட தட்டினா வெடிப்பு இருந்தா உள்ள போன எண்ணெய் கசிஞ்சு வெள்ளை மேல கருப்பா கோடு விழும். மயிரிழையா இருந்தாலும் வாங்காதீங்க. எண்ணெய் ஓட்டையோட வாயையும் பாருங்க, அங்கயும் தொடங்கும். இந்த முறை மேல்பக்கம் தொறந்திருக்கற வெடிப்பத்தான் காட்டும், கிராங்க்ல பெரும்பாலும் மேலேர்ந்துதான் வரும்ங்கறதால நம்ம வேலைக்கு ஆகும்.

கிரைண்டிங் பண்ண வேண்டி வந்தா பட்டறையில சாணைக்கல்லோட ஓரத்த ரேடியஸ் போட்டு டிரெஸ் பண்ணிட்டு (வளைவா சீவிட்டு) ஆரம்பிக்க சொல்லுங்க, பக்கத்துலயே நில்லுங்க. கம்பெனி கிராங்க்ல இருக்கற வளைவ ரேடியஸ் கேஜ் வெச்சு அளந்து எழுதிக்கிட்டு போங்க, அதே அளவு இல்லன்னா காசு குடுக்காதீங்க. புஷ்ஷ ரெண்டு பக்கமும் மாத்திட்டு பெல்ட்ட நழுவாத அளவுக்கு மட்டும் கட்டுங்க.