டீ டைமில் இருந்து குறைக்க ஆரம்பித்தேன்

சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ் மாதிரி ஆலையில் தயாராகிப் பாக்கெட்டில் வருகிற உணவுகளை விடுவதற்காக, இங்கே நிறையப் பேர் வீட்டில் இருந்த பாக்கெட்டையெல்லாம் ஒரே நாளில் தூக்கிப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லதுங்க, ஆனால் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு சேர்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஒத்து வராது. எதை விடுவது என்று யோசிக்காமல், எந்த நேரத்தில் கை பாக்கெட்டுக்குப் போகிறது என்று பார்த்தேன்.

எனக்கு அது சாயங்கால டீ டைம். திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் டீக்கடை என்றாலே பாதி பேக்கரிதானே. பப்ஸ், தேங்காய் பன், கிரீம் பிஸ்கட், மேலே தொங்குகிற சிப்ஸ் சரம், இவ்வளவும் கண்ணுக்கு நேராக இருக்கும்போது வெறும் டீயோடு திரும்ப யாரால் முடியும்? அதனால் முதலில் எதையும் நிறுத்தவே இல்லை. பையில் வறுத்த நிலக்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் வைத்துக்கொண்டு, டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தின்றுவிடுவேன். வயிறு அடங்கிவிட்டால் பப்ஸ் மேல் அவ்வளவு ஆசை வருவதில்லை. எள்ளுருண்டை, வாழைப்பழம் என்று மாற்றி மாற்றிக் கொண்டு போனேன். லைனில் இருந்த அக்காமார் கேலி செய்தார்கள், அப்புறம் அவர்களே கை நீட்ட ஆரம்பித்தார்கள், அது தனிக் கதை.

2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரைத் தங்க வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. தலா இரண்டு வாரம் ஆலைத் தயாரிப்பு உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல், இரண்டிலும் பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆலைத் தயாரிப்பு சாப்பிட்டபோது தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது. வேகமாகவும் தின்றார்களாம். கிரீம் பன்னை நாம் எப்படி முழுங்குகிறோம் என்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

இதற்காகப் பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம் என்று பயப்பட வேண்டாம். செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, தயிர் எல்லாம் பாக்கெட்டில்தான் வருகின்றன, அவற்றில் சண்டை இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள், எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முன்பக்கம் கோதுமைக் கதிர் படம் போட்ட பிஸ்கட்டில் மைதாதான் முதலில் வந்தது.

அடுத்தது காலை நேரம். அவசரத்துக்கு நூடுல்ஸ் என்ற இடத்தில் நம்ம ஊர் அரிசிம்பருப்பு சாதம் வந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், தக்காளி தாளித்து, மஞ்சள் தூள் போட்டு, அரிசியும் துவரம்பருப்பும் ஒரே குக்கரில். மேலே நெய். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸுக்கும் அதுவே. சந்தகை (எங்கள் பக்கத்து இடியாப்பம்) ஞாயிற்றுக்கிழமைக்குத்தான், அதைப் பிழிய ஆள் வேண்டும்.

மாமியார்தான் லேசில் அசையவில்லை. பேரன் பாலில் கலக்கும், கடையில் வாங்கிய சத்து பானப் பொடி டப்பாவை எடுத்து வைத்ததும், "ஏனம்மிணி, பையன் இளைச்சுப் போயிருவானே" என்று ஒரே புலம்பல். அப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களிடம் சொன்னதைக் காட்டினேன், அசரவில்லை. ராகியை முளைகட்டி, காய வைத்து, அரைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்ததும் பையன் குடித்துவிட்டான். அதன் பிறகுதான் டப்பாவைக் கேட்பதை விட்டார்.

சிப்ஸை இன்னும் முழுசாக விடவில்லை, கல்யாண வீட்டில் கண்டால் எடுக்கிறேன். எனக்கு இப்போது மாட்டிக்கொண்டிருப்பது டொமேட்டோ சாஸ். சின்னவள் தோசைக்கே அதைத்தான் கேட்கிறாள், வீட்டில் செய்தால் நிறம் சரியில்லை என்கிறாள். யாராவது அதைத் தாண்டி வந்திருந்தால் எப்படி என்று எழுதுங்க.